குடுக்குது, குடிக்குது

வண்டியைப் பற்றிப் பேச நம்மிடம் இரண்டு வினைச்சொற்கள் இருக்கின்றன. ‘எவ்வளவு மைலேஜ் குடுக்குது?’ என்று கேட்போம். கணக்கு உதைத்தால் ‘சனியன், டீசலா குடிக்குது’ என்போம். இரண்டுக்கும் நடுவே ‘டு’வும் ‘டி’யும் மட்டும்தான் வித்தியாசம். கொட்டிலில் நிற்கும் மாட்டைப் பற்றிப் பேசுகிற அதே தொனி. நல்ல மாடு எவ்வளவு குடுக்குது, கெட்ட மாடு எவ்வளவு தின்னுது.

ஐரோப்பாவில் இதைத் தலைகீழாகக் கணக்கிடுகிறார்கள். நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று. அதாவது முதலிலேயே ‘எவ்வளவு குடிக்குது’ என்று கேட்டுவிடுகிறார்கள். நாம் ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கிறோம். கணிதப்படி இரண்டும் ஒன்றுதான். ஆனால் குடுப்பதாகப் பேசும்போது யார் வாங்குகிறார்கள், யார் கையிலிருந்து போகிறது என்ற கேள்வி எழுவதே இல்லை. மூன்று வருடம் ஒரு சின்ன நிறுவனத்தின் டீசல் கணக்கைப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

எங்கள் ஆபீஸ் கேலாங்கில், இரட்டைப்படை எண் கொண்ட ஒரு லோரோங்கில், பழைய கடைவீட்டின் மாடியில் இருந்தது. கீழே டுரியான் கடை. சீசன் வந்தால் எக்செல் ஷீட்டிலும் டுரியான் வாசம் அடிக்கும். கேலாங் என்றதும் சிலர் ஒரு மாதிரி சிரிப்பார்கள். விடியற்காலை ஐந்தரைக்கு வந்து பார்த்தால் அந்தச் சிரிப்புக்கு இடமிருக்காது. லோரோங் முழுக்க லாரிகள், மண்வெட்டி, சிமெண்ட் மூட்டை, கையில் சோற்றுப் பொட்டலத்தோடு ஆட்கள்.

எங்களுடையது கால்வாய் ஓரம், நடைபாதை ஆகியவற்றை உடைத்துப் போடும் துணை ஒப்பந்த வேலை. கான்கிரீட்டை உடைக்கும் பிரேக்கர் காற்றழுத்தத்தில் ஓடுவது. அந்தக் காற்றைக் கொடுக்க கம்ப்ரெஸர் வேண்டும். கம்ப்ரெஸருக்குச் சக்கரம் உண்டு, ஆனால் தானாக ஓடாது. வண்டிக்குப் பின்னால் மாட்டித்தான் இழுத்துப் போக வேண்டும். எங்களிடம் வண்டிகள் இரண்டு: ஒரு டபுள் கேப் பிக்கப், ஒரு பதினாலு அடி லாரி. இரண்டும் டீசல். மாதக் கடைசியில் எந்த வண்டி எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டர், யார் ஓட்டியது என்று எழுதி முதலாளிக்கு அனுப்புவது என் வேலையில் ஒரு பகுதி.

அமெரிக்காவில் பிக்கப் என்பது குடும்ப வண்டியும்கூட. வாரநாளில் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகும். சனி ஞாயிறு பின்னால் படகையோ கேரவனையோ மாட்டிக்கொண்டு ஏரிக்குப் போகும். அங்கே வண்டி வாங்குகிறவர் கேட்பது: தினசரி ஓட்டினால் எவ்வளவு, இழுத்தால் எவ்வளவு? சிங்கப்பூரில் பிக்கப் சரக்கு வண்டி. அதை வைத்துக்கொள்ளும் பத்து வருட உரிமையை, சி.ஓ.இ.யை, ஏலத்தில் எடுக்க வேண்டும். சரக்கு வண்டிகளும் பேருந்துகளும் ‘சி’ பிரிவு. அவ்வளவு கொடுத்து எடுத்த வண்டியை யாரும் சும்மா நிறுத்தி வைக்க மாட்டார்கள். வாரநாள், சனி, ஞாயிறு, தினசரி, இழுவை எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். எங்கள் பிரச்சினையும் அந்தக் கலப்பில்தான் வந்தது.

*

பிக்கப்பை முதலில் ஓட்டியவர் ஒரு சூப்பர்வைசர். வடக்கே உட்லண்ட்ஸிலிருந்து விரைவுச்சாலையில் வருவார், இரண்டு சைட்டைப் பார்ப்பார், அதே வழியில் வீட்டுக்குப் போவார். லிட்டருக்குப் பதினொன்று கொடுத்தது. அவர் வேலையை விட்டுப் போனதும் வண்டி டிரைவர் அண்ணன் கைக்கு வந்தது. இரண்டாம் மாதமே பதினொன்று ஏழாகிவிட்டது.

அண்ணன் புதுக்கோட்டைப் பக்கம். ஊரில் குட்டி யானை ஓட்டிக்கொண்டிருந்தவர். 2005இல் டாடா ஏஸ் வந்தபோது அதன் இரண்டு சிலிண்டர் எஞ்சினைப் பார்த்து ‘இது லோடு இழுக்குமா’ என்று சிரித்தவர்களில் தானும் ஒருவன் என்பார். சிங்கப்பூரில் அவருடைய வேலை டிரைவர் மட்டுமல்ல. இங்கே அதற்கு ‘டிரைவர் கம் வொர்க்கர்’ என்று பெயர். காலையில் லாரியில் ஆள் ஏற்றி வர வேண்டும், பகலில் பிக்கப்பில் கம்ப்ரெஸர் இழுக்க வேண்டும், நடுவில் மற்றவர்களோடு சேர்ந்து உடைத்த கல்லை அள்ள வேண்டும், மாலையில் மறுபடியும் லாரி. கணக்கில் இரண்டு வண்டியும் அவர் பெயரில்தான்.

முதலாளி ஷீட்டைப் பார்த்துவிட்டு என் மேஜைக்கு வந்தார். குரலை உயர்த்தவில்லை. டீசல் எங்கே போகிறது என்று மட்டும் கேட்டார். கேள்வியின் அர்த்தம் எனக்குத் தெரியும். டேங்கிலிருந்து குழாய் போட்டு உறிஞ்சி விற்பது இந்தத் தொழிலில் நடக்காத காரியமல்ல. வேறு டிரைவர் பார்க்கலாமா என்று அடுத்த வாக்கியத்தில் சொன்னார்.

வொர்க் பர்மிட் என்பது முதலாளியின் பெயரோடு கட்டப்பட்ட காகிதம். அவர் அதை ரத்து செய்தால் பெரும்பாலும் அடுத்தது விமான டிக்கெட்தான். பதினொன்றிலிருந்து ஏழு என்பது எனக்கு ஒரு செல்லில் இருக்கும் எண். அண்ணனுக்கு அது மகளின் கல்லூரிக் கட்டணம்.

‘ஒரு வாரம் டைம் கொடுங்க பாஸ், நான் வண்டியிலேயே போய்ப் பார்க்கிறேன்’ என்றேன். எப்படியும் சைட்டுக்குப் போகவேண்டியவன்தான் நான்.

*

கேலாங் ரோடு ஒருவழிப் பாதை, நகரத்தை நோக்கிப் போவது. அதற்கு இணையாக வடக்கே இருக்கும் சிம்ஸ் அவென்யூவும் ஒருவழி, கிழக்கே போவது. ஒரு லோரோங்கைத் தவறவிட்டால் ரிவர்ஸ் எடுக்க முடியாது. பின்னால் கம்ப்ரெஸர் வேறு. ஒரு முழுச் சுற்று சுற்றித்தான் வர வேண்டும். சந்திப்புக்குச் சந்திப்பு சிக்னல். முதல் நாள், ஆபீஸிலிருந்து சைட்டுக்குப் போவதற்குள் ஒன்பது முறை சிவப்பில் நின்றோம்.

நின்று கிளம்புவதன் விலையை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பௌதிகம் போதும். வண்டி, சாமான், ஆள் எல்லாம் சேர்த்து இரண்டு டன், கம்ப்ரெஸர் ஒரு டன். மூன்று டன்னை நின்ற இடத்திலிருந்து மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 0.29 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் 36 மெகாஜூல் இருக்கிறது. ஆனால் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் சக்கரத்துக்கு வந்து சேரும். மீதி சூடாகவும் புகையாகவும் போய்விடும். ஆக ஒரு சிவப்பு விளக்குக்கு 27 மில்லி டீசல். இருமல் மருந்து பாட்டிலின் மூடியால் அளந்தால் மூன்று மூடிக்குக் கொஞ்சம் குறைவு. அடுத்த சிவப்பில் பிரேக்கை மிதித்ததும் அந்த 27 மில்லியும் பிரேக் தட்டில் சூடாகிப் போய்விடும். நாற்பது சிவப்பு விளக்கு என்றால் ஒரு லிட்டருக்கு மேல்.

‘தம்பி, சூப்பர்வைசர் ஓட்டினது ஹைவே. நான் ஓட்டுறது கேலாங்கு. ரெண்டும் ஒரே வண்டி, ஆனா ஒரே ரோடு இல்ல’ என்றார் அண்ணன். நான் ஒரு பக்கம் முழுக்க எழுதியதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

அடுத்தது நிற்பது. சைட் வாசலில் அனுமதிக்காக நிற்பது, போக்குவரத்துக் கூம்புகள் வைக்கும் வரை நிற்பது, உடைத்த கல்லை அள்ள வரும் டிப்பருக்காக நிற்பது. வண்டி நிற்கும்போது மைலேஜ் என்ன? பூஜ்யம். கிலோமீட்டர் நகரவில்லை, டீசல் நகர்கிறது. ஏசியோடு எஞ்சின் ஓடினால் எங்கள் பிக்கப் மணிக்கு முக்கால் லிட்டர் அளவுக்குக் குடித்தது. ஒரு நாளில் அப்படி நின்ற நேரம் மொத்தம் இரண்டு மணி.

மூன்றாவது, புகைபோக்கியில் இருக்கும் வடிகட்டி. சிங்கப்பூரில் 2018 ஜனவரி முதல் பதிவாகும் டீசல் வண்டிகள் யூரோ 6 தரத்தில் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட வண்டிகளின் வடிகட்டியில் கரித்துகள் சேரும். சேர்ந்ததும் வண்டி தானாகவே கூடுதல் டீசலைச் செலுத்தி, வடிகட்டியைச் சூடாக்கி, கரியை எரித்துவிடும். விரைவுச்சாலையில் ஒரே வேகத்தில் போகிற வண்டிக்கு இது நடப்பதே தெரியாது. குறுகிய தூரம் ஓடி ஓடி நிற்கிற வண்டியில் பாதி எரிந்ததும் எஞ்சின் அணைந்துவிடும். மறுபடி முதலிலிருந்து எரிக்க வேண்டும்.

பிக்கப் ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர் ஓடியது. பதினொன்று கொடுத்தால் ஐந்தரை லிட்டர், ஏழு கொடுத்தால் எட்டரை. காணாமல் போனதாகச் சொல்லப்பட்டது மூன்று லிட்டர். சிவப்பு விளக்குக்கு ஒன்று, நின்றதற்கு ஒன்றரை, வடிகட்டிக்கும் கம்ப்ரெஸர் சக்கரத்தின் உராய்வுக்கும் அரை. யாரும் குழாய் போடவில்லை.

புதிய பத்திகள் சேர்த்து அனுப்பினேன்: இழுத்த எடை, நின்ற நிமிடம். முதலாளி சின்ன வயதில் தானே லாரி ஓட்டியவர். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். பிக்கப் விவகாரம் அதோடு முடிந்தது. பிறகு விரல் லாரி இருந்த வரிக்கு நகர்ந்தது. இது எதையும் இழுக்கவில்லையே, இது ஏன் ஏழிலிருந்து ஆறரை ஆனது என்றார்.

*

லாரியின் கதை வேறு. அது பௌதிகத்தில் முடியவில்லை.

சிங்கப்பூரில் சரக்கு வண்டியின் பின்தளத்தில் ஆட்களை ஏற்றக் கூடாது. வேலைக்காக நிறுவனம் தன் ஊழியர்களை ஏற்றிச் செல்ல மட்டும் விலக்கு உண்டு. விலக்கோடு விதிகளும் உண்டு. கூரை வேண்டும், பக்கக் கம்பி உயரமாக இருக்க வேண்டும், ஆளுக்கு எட்டுச் சதுர அடி இடம் வேண்டும். விரைவுச்சாலையில் எங்கள் லாரி போன்றவற்றுக்கு வேக உச்சம் 60. சீட்டும் பெல்ட்டும் முன்னால் இருப்பவர்களுக்குத்தான். பின்தளத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இல்லை.

2021 ஏப்ரல் 20 அன்று காலை பான் ஐலண்ட் விரைவுச்சாலையில், பதினேழு தொழிலாளர்களை ஏற்றி வந்த லாரி நின்றிருந்த டிப்பர் மீது மோதியது. இரண்டு பேர் இறந்தார்கள், ஒருவர் பங்களாதேஷ், ஒருவர் இந்தியா. அதற்குப் பிறகு சில விதிகள் சேர்ந்தன. 2023 ஜனவரி முதல் பின்தளத்தில் ஆட்களை ஏற்றும் லாரிகளுக்கு மழைத் தடுப்பு கட்டாயம். ஓட்டுநரைக் கவனித்துக்கொள்ள முன்சீட்டில் ஒரு துணையாள் இருக்க வேண்டும். நாள் முழுக்க வேலை செய்த ஓட்டுநர் ஆட்களை ஏற்றிக் கிளம்பும் முன் அரை மணி நேரமாவது ஓய்வெடுக்க வேண்டும்.

ஆறரையின் ரகசியம் அந்த அரை மணிதான். அண்ணன் ஓய்வெடுப்பது லாரியின் கேபினில். எங்கள் லாரியின் எஞ்சின் கேபினுக்கு அடியில் இருக்கிறது. அதாவது படுப்பது எஞ்சின் மேல். நாள் முழுக்க வெயிலில் நின்ற கேபின், கீழே சூடு. ஏசி இல்லாமல் படுக்க முடியாது. எஞ்சின் இல்லாமல் ஏசி இல்லை. எஞ்சின் ஓடினால் மணிக்கு ஒரு லிட்டர். காலையில் டார்மெட்ரி வாசலில் எல்லோரும் வந்து ஏறும் வரை இன்னொரு அரை மணி. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர். ஏழு ஆறரையாக இது போதும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. காரணமில்லாமல் நிற்கும் வண்டியில் எஞ்சினை ஓடவிடுவது இங்கே குற்றம், அபராதம் உண்டு. ஒரு சட்டம் அவரை ஓய்வெடு என்கிறது, இன்னொரு சட்டம் எஞ்சினை அணை என்கிறது. இரண்டுமே நியாயமானவை. இரண்டுக்கும் நடுவில் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்திருப்பவர் அண்ணன்.

‘எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு ஜன்னலத் தொறந்து வச்சுப் படுக்க முடியாதாண்ணே?’

‘நீங்க ஒரு நாள் படுத்துப் பாருங்க தம்பி. தூக்கம் வராது. ஆவிதான் வரும், இட்லிக்கு வர்ற மாதிரி.’

அவர் தூங்கினாரா என்பதில்தான் பின்னால் உட்கார்ந்திருக்கும் பதினொரு பேருடைய உயிர் இருக்கிறது. ஷீட்டில் அந்தத் தூக்கம் எப்படித் தெரிகிறது? மைலேஜ் குறைவாக. அண்ணன் நன்றாகத் தூங்கிய மாதம் மோசமான மாதம். தூங்காமல் ஓட்டிய மாதம் நல்ல மாதம்.

*

முதலாளியிடம் பேசுவதற்கு முன் இன்னொரு கணக்கும் போட்டேன். டார்மெட்ரியிலிருந்து சைட் 30 கிலோமீட்டர். போய்வர 60. ஆறரை கொடுத்தால் ஒன்பது லிட்டர் சொச்சம். லாரியில் முன்னும் பின்னுமாகப் பதிமூன்று பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்கூட இல்லை.

இந்த எண்ணைப் பார்த்தால் யாருக்கும் லாரியை விட மனம் வராது. 2023 ஜூலையில் லாரி விபத்துகளில் பல தொழிலாளர்கள் காயமடைந்த பிறகு, பின்தளத்தில் ஆள் ஏற்றுவதை நிறுத்தச் சொல்லிப் பல அமைப்புகள் கூட்டாக அறிக்கை விட்டன. வணிகச் சங்கங்களின் பதிலில் இருந்தவை செலவு, பேருந்தும் ஓட்டுநரும் கிடைக்காமை, சின்ன நிறுவனங்கள் தாங்காது என்ற கவலை. அந்தப் பதிலை வெறும் பேராசை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. எங்கள் முதலாளியின் வங்கிக் கணக்கையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் டீசல் கணக்கை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். ஒரு சின்னப் பேருந்து அதே பதிமூன்று பேரை ஏற்றி வந்தாலும் டீசல் ஏறக்குறைய இவ்வளவுதான் ஆகும். மிச்சமாவது டீசல் அல்ல. சாமான் ஏற்றும் அதே வண்டியில் ஆளையும் ஏற்றுவதால் இன்னொரு வண்டி மிச்சம். கல் அள்ளும் அதே மனிதரே ஓட்டுவதால் இன்னொரு ஓட்டுநரின் சம்பளம் மிச்சம். லாரி ‘குடுக்குது’ என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி லாரி கொடுப்பதல்ல.

மாலை அரை மணி ஓய்வுக்கு ஆகும் அரை லிட்டரைப் பதிமூன்று பேருக்குப் பிரித்தேன். ஆளுக்கு 38 மில்லி. ஒன்றரை சிவப்பு விளக்கு.

முதலாளியிடம் நான் சொன்னது இதுதான்: ஈ.ஆர்.பி. கட்டணத்தை நாம் டிரைவர் தலையில் எழுதுவதில்லை. டீசல் வரியையும் எழுதுவதில்லை. பல வருடம் லிட்டர் கணக்கில் வரியே இல்லாமல் இருந்த டீசலுக்கு 2017இல் பத்துக் காசு போட்டார்கள், 2019இல் இருபதாக்கினார்கள். அப்போது யாரும் டிரைவரைச் சந்தேகப்படவில்லை. இந்த அரை மணியும் அப்படி ஒரு செலவுதான். இதை மைலேஜில் சேர்க்காமல் தனிப் பத்தியில் போடலாம்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, கண்டெய்னர் ஆபீஸ் இருக்கும் சைட்டில் அங்கே படுக்கச் சொல், அங்கேதான் ஏசி எப்படியும் ஓடுகிறதே என்றார். பத்திக்கு ‘ஓய்வு’ என்று பெயர் வைத்தேன். வேறு டிரைவர் என்ற பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை. ஆனால் எங்கள் வேலையில் பாதி சாலையோரத்தில், கண்டெய்னர் வைக்க இடமிருக்காது. அந்த நாட்களில் கேபின்தான், இட்லி ஆவிதான். ‘ஓய்வு’ பத்தியில் அந்த நாட்களுக்கு 0.5 என்று எழுதுவேன். கண்டெய்னர் கிடைத்த நாட்களுக்குப் பூஜ்யம்.

*

ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் போனால், புல்வெளியில் உட்கார்ந்திருக்கும் டிரைவர்கள் பேச்சில் கண்டிப்பாக மைலேஜ் வரும். ‘எங்க வண்டி எட்டு குடுக்குது’, ‘எங்களுது பழசு, ஆறுக்கு மேல நகராது.’ எங்க வண்டி, எங்களுது. எவருக்கும் சொந்தமில்லை. சி.ஓ.இ. யார் பெயரில் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நல்லா ஓட்டினால் அரைக் கிலோமீட்டர் கூடுதலாக எடுக்கலாம் என்பதில் ஒரு தொழில் பெருமை இருக்கிறது. தூரத்திலேயே சிவப்பைப் பார்த்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது, இழுக்கும்போது சீக்கிரம் மேல் கியருக்குப் போவது, டயர் காற்றைத் திங்கள்தோறும் பார்ப்பது. அண்ணன் எனக்கு இவற்றைச் சொல்லித் தந்தபோது மாணவனுக்கு மிருதங்கம் சொல்லித் தருகிறவர்போல் இருந்தார்.

போன வருடம் அவர் ஊருக்கே திரும்பிவிட்டார். மகள் படிப்பு முடிந்துவிட்டது. மறுபடியும் ஒரு குட்டி யானை வாங்கியிருக்கிறார், பழையதுதான். போனில், ‘எவ்வளவுண்ணே குடுக்குது?’ என்று கேட்டேன்.

‘அது நல்லாத்தான் குடுக்குது தம்பி. லோடுதான் யாரும் குடுக்க மாட்டேங்கிறாங்க.’

சிங்கப்பூரில் 2025 தொடங்கியதும் புதிய டீசல் கார்களையும் டாக்சிகளையும் பதிவு செய்வது நின்றுவிட்டது. 2040க்குள் எல்லா வண்டிகளும் தூய எரிபொருளுக்கு மாற வேண்டும் என்பது திட்டம். எங்கள் லோரோங்கிலும் பக்கத்து நிறுவனம் ஒன்று மின்சார லாரி எடுத்திருக்கிறது. அதன் டிரைவரிடம் விசாரித்தேன். சிவப்பு விளக்கில் பிரேக் போட்டால் ஆற்றலில் ஒரு பகுதி பேட்டரிக்கே திரும்பிப் போகிறது. நிற்கும்போது எஞ்சின் ஓடுவதில்லை, ஆனால் ஏசி ஓடுகிறது. புகையில்லை. அரை மணி படுத்தால் பேட்டரி மீட்டரில் வித்தியாசமே தெரிவதில்லையாம். அண்ணன் இருந்திருந்தால் முதலில் கேபினில் ஏறிப் படுத்துப் பார்த்திருப்பார்.

போன வாரம் மாலை அந்த லாரி கேலாங் ரோட்டில் என் பக்கத்தில் சிக்னலில் நின்றது. எஞ்சின் சத்தம் இல்லாததால் பின்தளத்தில் இருந்தவர்கள் பேசுவது தெளிவாகக் கேட்டது. கூரைக்குக் கீழே, கம்பியைப் பிடித்தபடி பத்துப் பதினோரு பேர். ஒருவர் இன்னொருவரிடம் ஊர்ப் பணம் அனுப்ப இன்றைக்கு ரேட் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார்.